கடைவீதியை யார் பராமரிப்பது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், வெளிநாட்டு நகரங்களில் கடைவீதிகளை வணிகர்களும் நகராட்சியும் சேர்ந்து பராமரிக்கும் முறையைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டிருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சொத்து வரியும் தொழில் வரியும் கட்டிய பிறகும் கடைக்காரர்கள் தாங்களாகவே இன்னொரு வரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீதியில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். இப்படி ஓர் ஏற்பாடு எங்கே, எதற்காகத் தொடங்கியது?
– ஜவுளிக்கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதலில் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் தொடங்கிய இடத்தின் நிலைமையைப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் வீதி என்று நீண்ட ஒரு வீதி உண்டு. அதன் மேற்குப் பகுதியில், இன்று புளூர் வெஸ்ட் வில்லேஜ் என்று அழைக்கப்படும் இடத்தில், 1960களில் சிறு கடைகள் வரிசையாக இருந்தன. வீதியின் நடுவே டிராம் ஓடியது. டிராமில் போகிறவர்கள் சன்னல் வழியே கடைகளைப் பார்த்துக்கொண்டே போவார்கள், வேண்டுமென்றால் அடுத்த நிறுத்தத்தில் இறங்குவார்கள். 1968இல் சுரங்க ரயில் பாதை அந்தப் பகுதி வரை நீட்டிக்கப்பட்டதும் டிராம் நின்றுபோனது, வாடிக்கையாளர்கள் கடைகளுக்கு அடியிலேயே பயணம் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1964இல், யார்க்டேல் என்னும் பெரிய வணிக வளாகம் நகரின் வடக்கே திறக்கப்பட்டிருந்தது. கூரைக்குக் கீழே கடைகள், வெளியே கார் நிறுத்த விரிந்த இடம். ஒரு பக்கம் சுரங்கமும் மறுபக்கம் வளாகமும் இழுக்க, பழைய வீதி நடுவில் காய்ந்தது.

கடைக்காரர்கள் சங்கம் வைத்துச் சந்தா திரட்டினார்கள். எல்லாச் சங்கங்களுக்கும் நேர்வது அங்கும் நேர்ந்தது: சிலர் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை, கொடுக்காதவர் வாசலிலும் விளக்கு அதே வெளிச்சத்தோடுதான் எரிந்தது. நான் வளர்ந்த ஊரின் கடைவீதியிலும், தெருவிலேயே அகலமான முகப்பை வைத்திருந்தவர்தான் சந்தா கேட்கப் போனால் “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்பார். இரண்டு முறை அதைக் கேட்ட பக்கத்துக் கடைக்காரரும் மூன்றாம் முறை அதையே சொல்லக் கற்றுக்கொண்டார். விருப்பச் சந்தா என்பது பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது.

ஆகவே புளூர் வீதிக்காரர்கள் அரசிடம் பணம் கேட்கவில்லை. தங்கள் அனைவரிடமிருந்தும் கட்டாயமாகப் பணம் பிடித்துத் தருமாறு கேட்டார்கள். ஒன்டாரியோ மாநிலம் அதற்கு இடம் தரும் வகையில் சட்டத்தைத் திருத்தியது. 1970இல் உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரம் அங்கே பிறந்தது. எல்லைக்குள் இருக்கும் வணிகச் சொத்துகளின் மீது கூடுதல் வரியை நகராட்சியே வசூலிக்கும். வசூலித்த தொகையை அந்த வட்டாரத்தின் குழுவிடம் கொடுத்துவிடும். குழு அதை அந்த வீதிக்கே செலவிடும். மரங்களில் விளக்குகள், நடைபாதையில் பெஞ்சுகள், பூந்தொட்டிகள் என்று தொடங்கினார்கள். பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஆனால் “அடுத்த மாதம்” என்ற சொல்லுக்கு மட்டும் அங்கே இடமில்லாமல் போனது.

இன்று டொராண்டோவில் இப்படிப்பட்ட வட்டாரங்கள் 80க்கும் மேல் உள்ளன. அவற்றுள் ஒன்று ஜெரார்ட் வீதியின் இந்தியா பஜார். 1972இல் நாஸ் என்ற திரையரங்கு தெற்காசியப் படங்களைத் திரையிடத் தொடங்கியதைச் சுற்றி வளர்ந்த சேலைக்கடை, நகைக்கடை வீதி அது. அந்த ஊரில் உறவினர் இருப்பவர்கள் பலர், அது ஒரு மேம்பாட்டு வட்டாரம் என்று தெரியாமலே அங்கு நடந்திருப்பார்கள்.

கேள்வி: இதில் புதுமை என்ன இருக்கிறது? எங்கள் தாத்தா காலத்திலேயே மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்களே!
– மளிகை மொத்த வியாபாரி, விருதுநகர்

பதில்: நியாயமான கேள்வி, உங்கள் ஊரிலிருந்து வர வேண்டிய கேள்வியும்கூட. நாடார் வணிகர்களின் உறவின்முறைகள் சரக்கின் மீது மகமை பிடித்துப் பொது நிதி சேர்த்ததும், அந்த நிதி கிணறாகவும் கோவிலாகவும் பள்ளியாகவும் மாறியதும் நன்கு பதிவான வரலாறு. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலையும் அப்படிச் சமூகத்தின் பொது முயற்சியில் வளர்ந்த பள்ளிதான். இன்னும் பின்னே போனால், பிரான்மலைக் கல்வெட்டில் வணிகக் குழுவினர் கூடி, எந்தச் சரக்குக்குக் கோவிலுக்கு எவ்வளவு கொடுப்பது என்று பட்டியலிட்டிருப்பதைக் காணலாம். பலரும் சேர்ந்து ஒரே விகிதத்தில் தங்கள் மீதே வரி விதித்துக்கொள்ளும் எண்ணம் நமக்குப் புதிதல்ல.

ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. மகமையைக் கொடுக்கச் செய்தது சட்டம் அல்ல, உறவு. கொடுக்காதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யார் வருவார்கள் என்ற கவலையே அங்கே வசூல் அதிகாரி. அந்த உறவு இல்லாத இடத்தில், அதாவது மார்வாடியும் மலையாளியும் நாடாரும் முஸ்லிமும் நிறுவனக் கிளைகளும் ஒரே வரிசையில் கடை வைத்திருக்கும் இன்றைய நகர வீதியில், அது செல்லாது. இரண்டாவது வேறுபாடு இன்னும் முக்கியமானது: மகமையின் எல்லையை வரைந்தது பிறப்பு, மேம்பாட்டு வட்டாரத்தின் எல்லையை வரைவது வரைபடம். கோட்டுக்குள் சொத்து இருந்தால் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டும். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. கோட்டுக்குள் சொத்தில்லாமல் அந்த வீதியில் பிழைப்பவர் யாருடைய கணக்கில் வருவார் என்ற கேள்வியும் இதிலேயே இருக்கிறது. அதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். வடிவமைப்பில் உண்மையில் எதை மாற்றினார்கள்? பணம் கொட்டியதுதான் காரணமா?
– கட்டடக்கலை மாணவி, திருச்சி

பதில்: பணமும் வேண்டியிருந்தது. ஆனால் அந்தப் பூங்காவின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி, பணத்துக்கு முன்பு நடந்த கவனிப்பு.

பிரையன்ட் பூங்கா மன்ஹாட்டனின் நடுவில், பொது நூலகத்தின் முதுகுப்புறம் இருக்கிறது. 1930களில் அதைத் திருத்தியமைத்தபோது தெரு மட்டத்திலிருந்து உயர்த்தி, சுற்றிலும் இரும்புக் கம்பி வேலியும் அடர்ந்த புதர்வேலியும் அமைத்து, நகரத்தின் இரைச்சலிலிருந்து ஒதுங்கிய அமைதியான தோட்டமாக ஆக்க நினைத்தார்கள். காகிதத்தில் அழகான எண்ணம். 1970களில் அந்த ஒதுக்கமே போதைப்பொருள் விற்பவர்களுக்கு வசதியாகப் போயிற்று; வெளியே நடப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது, உள்ளே போனவருக்கு வெளியேற வழிகள் குறைவு. “ஊசிப் பூங்கா” என்று ஊரார் பெயர் வைத்தார்கள். அந்த ஊசி எந்த ஊசி என்று விளக்கத் தேவையில்லை.

1980இல் டேனியல் பீடர்மன், ஆண்ட்ரூ ஹைஸ்கல் ஆகிய இருவரும் ராக்கஃபெல்லர் சகோதரர்கள் நிதியத்தின் ஆதரவோடு பூங்காவுக்கென ஓர் இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வில்லியம் ஒயிட் என்பவர் அவர்களுக்கு ஆலோசனை சொன்னார். பொது இடங்களில் மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறார்கள் என்பதை ஒளிப்படக் கருவி வைத்து மணிக்கணக்கில் பதிவுசெய்து ஆராய்ந்தவர் அவர். ஓர் இடம் பாதுகாப்பானதா என்று அறிய அவர் சொன்ன அளவுகோல் எளிமையானது: அங்கே வந்து அமர்பவர்களில் பெண்களின் விகிதம். பெண்கள் குறைந்தால் இடத்தில் ஏதோ கோளாறு. நம் ஊர்ப் பேருந்து நிலையங்களுக்கு இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

1988இல் பூங்காவை மூடினார்கள். புல்வெளிக்கு அடியில் நூலகத்துக்கான நிலத்தடிப் புத்தகக் கிடங்கு கட்டும் வேலையும் அந்தக் காலத்திலேயே நடந்தது. புதர்வேலியை அகற்றினார்கள், நுழைவாயில்களைக் கூட்டினார்கள், படிகளை அகலப்படுத்தினார்கள், தின்பண்டக் கடைகளுக்கு இடம் விட்டார்கள். 1992இல் மீண்டும் திறந்தபோது எல்லோரும் கவனித்தது விரும்பிய இடத்துக்குத் தூக்கிப்போகக்கூடிய சாதாரண மடக்கு நாற்காலிகளைத்தான். தரையில் பதித்த பெஞ்சு, எங்கே எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும் என்று உங்களுக்குக் கட்டளையிடுகிறது. நாற்காலியோ அந்த முடிவை உங்களிடம் விடுகிறது: வெயிலைத் தேடலாம், நிழலுக்கு நகரலாம், நண்பரை நோக்கித் திருப்பலாம், தெரியாதவரிடமிருந்து அரை அடி விலகலாம். எல்லாவற்றையும் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். நாற்காலிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் அங்கேயே இருக்கின்றன.

இன்னொன்று, கழிப்பறை. பூங்காவின் பொதுக் கழிப்பறையில் நாள்தோறும் புதுப் பூக்கள் வைக்கிறார்கள், மெல்லிசை ஒலிக்கிறது. இதை ஆடம்பரம் என்று சிரிக்கலாம்; ஆனால் பணியாளர் ஒருவர் எப்போதும் அங்கே இருக்கிறார் என்பதையே அந்தப் பூ சொல்கிறது.

சுற்றியுள்ள சொத்துகளின் கூடுதல் வரி, உணவகக் குத்தகை, நிகழ்ச்சிக் கட்டணம், விளம்பர ஆதரவு ஆகியவற்றால்தான் பூங்கா நடக்கிறது. அதற்கும் விலை உண்டு. 1993 முதல் 2010இன் தொடக்கம் வரை ஆண்டுக்கு இரு முறை ஆடை அலங்கார வாரம் அந்தப் புல்வெளியில் கூடாரமடித்து நடந்தது. அழைப்பிதழ் இல்லாத பொதுமக்கள், தங்கள் பூங்காவின் புல்லையே பார்க்க முடியாமல் வெளியே நின்றார்கள். வருமானம் தருபவருக்கு இடம் சாய்வது இந்த முறையின் பிறவிக் குணம்.

கேள்வி: பணத்தை வசூலிப்பது யார், கணக்கு கேட்பது யார்? ஒப்புக்கொள்ளாதவர் என்ன செய்வது?
– பட்டயக் கணக்காளர், கரூர்

பதில்: ஊருக்கு ஊர் வேறுபடும், இரண்டு ஊர்களை ஒப்பிட்டாலே விளங்கும்.

நியூயார்க்கில் எல்லையும் வரி விகிதமும் செலவுத் திட்டமும் அடங்கிய முன்மொழிவை நகர மன்றத்தின் முன் வைக்கிறார்கள். சொத்து உரிமையாளர்கள் எதிர்ப்பைத் தெரிவிக்க 30 நாள் அவகாசம் உண்டு. எண்ணிக்கையிலோ வரிமதிப்பிலோ 51 சதவீத உரிமையாளர்கள் எழுத்துமூலம் எதிர்த்தால் திட்டம் விழும். எதிர்க்காதவர் எல்லாம் ஏற்றவராகவே கொள்ளப்படுவர். மௌனம் சம்மதம் என்பது அங்கே சட்டமாகவே இருக்கிறது. பிறகு வரியை நகரத்தின் நிதித் துறை சொத்து வரியோடு வசூலித்து வட்டார அமைப்பிடம் தரும். அமைப்பின் குழுவில் சொத்து உரிமையாளர்களே பெரும்பான்மை. வாடகைக் கடைக்காரர், குடியிருப்போர் ஆகியோரின் பிரதிநிதிகளும், மேயர், நகரக் கணக்குத் தலைவர், பகுதித் தலைவர், மன்ற உறுப்பினர் ஆகிய நால்வரின் சார்பில் ஒவ்வொருவரும் இருப்பார்கள்.

இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமும் 2004ஆம் ஆண்டின் விதிகளும் வேறு வழியை எடுத்தன. அங்கே மௌனம் சம்மதம் ஆகாது. தபால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்களித்தவர்களில் பெரும்பான்மை எண்ணிக்கை ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னவர்களின் வரிமதிப்பும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனை பெரிய கடைகள் சிறியவற்றை மிதிக்காமல் காக்கிறது. இரண்டாவது, பணத்தில் பெரும்பங்கைத் தரப்போகும் பெரிய கடைகளைச் சிறியவை எண்ணிக்கையால் அழுத்தாமல் காக்கிறது. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. 2005இல் லண்டனின் தென்மேற்கில் உள்ள கிங்ஸ்டனில் முதல் வட்டாரம் நடைமுறைக்கு வந்தது. இன்று பிரிட்டனில் 300க்கும் மேல் இருக்கின்றன. மறு வாக்கெடுப்பில் தோற்று மூடப்பட்டவையும் உண்டு. அதை நான் குறையாகப் பார்க்கவில்லை. தோற்கக்கூடிய அமைப்புதான் கணக்கை ஒழுங்காக வைக்கும். ஆனால் இங்கிலாந்து விதிகளில் ஓர் ஓட்டை: குறைந்தபட்சம் இத்தனை பேர் வாக்களிக்க வேண்டும் என்ற வரம்பே இல்லை. ஸ்காட்லாந்து 25 சதவீதம் என்று வைத்து அந்த ஓட்டையை அடைத்திருக்கிறது.

கேள்வி: நகராட்சி தன் வேலையைத் தட்டிக்கழிக்க இது நல்ல வழி. அவ்வளவுதானே?
– ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், நாகர்கோவில்

பதில்: அந்த ஆபத்து உண்மையானது, நீங்கள் உள்ளே இருந்து பார்த்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வணிகர்கள் இரண்டாம் முறை பெருக்க ஆள் வைத்ததும், நகராட்சி முதல் முறை பெருக்குவதை நிறுத்திவிடும். அதனால்தான் இங்கிலாந்தில், வட்டாரம் தொடங்கும் முன்பே அந்த வீதியில் உள்ளாட்சி இப்போது என்னென்ன சேவை செய்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வரியால் வருவது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

கேள்வி: நான் வாடகைக் கடையில் இருபது ஆண்டுகளாக அலைபேசி உதிரிபாகம் விற்கிறேன். வீதி அழகானால் வாடகை ஏறும், நான் வெளியேற வேண்டும். எனக்கு இதில் என்ன இருக்கிறது?
– கடைக்காரர், கோவை

பதில்: இந்த முறையைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகும் கேள்வி இது. நியூயார்க்கில் வரி சொத்து உரிமையாளர் மீது விழுகிறது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் அதைக் கடைக்காரர் தலையில் கட்டிவிடுவது அங்கே வழக்கம். ஆகப் பணம் தருவது வாடகைக்காரர், குழுவில் பெரும்பான்மை உரிமையாளர், மதிப்பு ஏறினால் பயன் மீண்டும் உரிமையாளருக்கு. இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறாக, வரியைக் கட்டுபவரும் வாக்களிப்பவரும் கடையை நடத்துபவர். உரிமையாளர் பெரும்பாலும் ஒரு பென்னிகூடத் தராமல் மதிப்பு உயர்வை மட்டும் அனுபவிக்கிறார். இரண்டுமே ஒருபக்கச் சாய்வு என்பது என் கருத்து. உரிமையாளரும் நடத்துபவரும் பகிர்ந்து கட்டி, பகிர்ந்து வாக்களிப்பதே நியாயம். அதுவரை, உங்கள் அச்சம் வீணானது என்று நான் சொல்லப்போவதில்லை.

கேள்வி: நடைபாதை வியாபாரிகளையும் வீடற்றவர்களையும் துரத்தவே இப்படிப்பட்ட வட்டாரங்கள் உருவாகின்றன என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். உண்மையா?
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அதற்காகவே உருவாகின்றன என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பக்கம் சறுக்குவது எளிது என்பதற்கு நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வட்டாரம் சாட்சி. பிரையன்ட் பூங்காவை மீட்ட அதே பீடர்மன்தான் அந்த வட்டாரத்தையும் நடத்தினார். ஆகவே நல்லவர், கெட்டவர் என்று கதையைப் பிரிக்க வழியில்லை. புகழ்பெற்ற ரயில் நிலையத்தைச் சுற்றிய அந்தப் பகுதியில் வீடற்றவர்களுக்கு உணவும் ஆலோசனையும் தருவதோடு வேலைப் பயிற்சியும் தருவதாக ஒரு திட்டம் நடந்தது. 1995இல், அந்தத் திட்டத்தின் களப்பணியாளர்கள் வீடற்றவர்களை அடித்து விரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு செய்தித்தாள்களில் வெளியாகிப் பெரும் விவாதமானது. வேலைப் பயிற்சி என்ற பெயரில் அவர்களுக்கு மணிக்கு ஒரு டாலர் அளவில்தான் கூலி கொடுத்தார்கள் என்று ஒரு வழக்கும் நடந்தது. 1998இல், அவர்கள் பயிற்சியாளர்கள் அல்லர், வேலையாட்களே, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மீறப்பட்டிருக்கிறது என்று கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நீதிபதி சோனியா சோட்டோமயோர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர்.

அதே 1998இல் அதே வட்டாரத்தைப் பற்றி இன்னொரு தீர்ப்பும் வந்தது. சட்டம் படிக்கும் நீங்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். குழுவின் பெரும்பான்மை உரிமையாளர்களிடம் இருப்பது, ஆளுக்கு ஒரு வாக்கு என்ற அரசியலமைப்புக் கோட்பாட்டுக்கு முரண் என்று குடியிருப்பவர் தரப்பில் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்த அமைப்பு செய்வது குறுகிய வேலை, முழு அரசாங்க அதிகாரம் அதனிடம் இல்லை, சுமையும் பயனும் பெரும்பாலும் உரிமையாளருக்கே, ஆகவே அந்தக் கோட்பாடு இதற்குப் பொருந்தாது என்றது. நீதிமன்றத்தின் தர்க்கம் எனக்கு ஒரு நிபந்தனையோடுதான் ஏற்புடையது: வேலை குறுகியதாக இருக்கும் வரை. பெருக்குவதும் விளக்குப் போடுவதும் குறுகிய வேலை. யார் இந்த நடைபாதையில் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று முடிவுசெய்வது குறுகிய வேலை அல்ல. துடைப்பத்தை வணிகர் குழுவிடம் கொடுக்கலாம். தடி அரசின் கையில், அரசுக்குரிய கட்டுப்பாடுகளோடும் பொறுப்போடும்தான் இருக்க வேண்டும். மேயர் ஜூலியானியின் நிர்வாகம் அந்த ஆண்டிலேயே அழுத்தம் கொடுத்து, பீடர்மனை கிராண்ட் சென்ட்ரல் பொறுப்பிலிருந்து விலகச் செய்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் அதிகாரம் நகரத்திடம் இருந்ததால்தான் அது முடிந்தது.

கேள்வி: பணக்கார வீதி இன்னும் மினுங்கும், ஏழை வீதி அப்படியே கிடக்கும். இதற்கு விடை உண்டா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முழு விடை இல்லை. நியூயார்க்கிலேயே, மன்ஹாட்டனின் பெரிய வட்டாரங்கள் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் செலவிடும்போது, வெளிப்பகுதிகளின் சிறிய வட்டாரங்கள் சில இலட்சம் டாலரில் ஒரு மேலாளரையும் இரண்டு துப்புரவுப் பணியாளரையும் வைத்து ஒப்பேற்றுகின்றன. வரிமதிப்பு உள்ள இடத்தில்தான் வரி விளையும்.

தென்னாப்பிரிக்கா இதை நேருக்கு நேர் பார்த்தது. நிறவெறி ஆட்சி நகரங்களையே வெள்ளைப் பகுதி, கறுப்புப் பகுதி என்று வெட்டி வைத்திருந்த நாடு அது. கேப் டவுனின் மையப் பகுதியில் 2000இல் இத்தகைய வட்டாரம் செயல்படத் தொடங்கியது. 2004ஆம் ஆண்டின் நகராட்சிச் சொத்து வரிச் சட்டம், தன் 22ஆம் பிரிவில் சிறப்பு வரி வட்டாரங்களுக்கு இடம் தந்துவிட்டு, நகராட்சியின் வளர்ச்சியில் ஏற்கெனவே உள்ள ஏற்றத்தாழ்வுகளை வலுப்படுத்த இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சேர்த்து எழுதியது. எழுதியதாலேயே கேப் டவுனின் புறநகர்க் குடிசைகள் மாறிவிடவில்லை. ஆனால் வழக்கு மன்றத்தில் எடுத்துக்காட்ட ஒரு வரியாவது சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் இதைக் கொண்டுவர முடியுமா? பாண்டி பஜாரில் செய்தது இதுதானே?
– வணிகர் சங்கச் செயலாளர், சேலம்

பதில்: பாண்டி பஜாரில் நடந்தது வேறு. அங்கே சீர்மிகு நகரத் திட்டத்தின்கீழ், சென்னை மாநகராட்சி வாகனத்துக்கான இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாகத் திறந்தது. அது அரசுப் பணத்தில் அரசு செய்த கட்டுமானம். கட்டுவதற்கு ஏதாவது ஒரு திட்டத்தின் பெயரில் ஒருமுறை நிதி கிடைத்துவிடும். பெயர்ந்த கல்லைப் பதிக்கவும், அணைந்த விளக்கை மாற்றவும், நடைபாதையில் ஏறும் இருசக்கர வாகனத்தை இறக்கவும் தேவைப்படும் அன்றாட நிதிக்கும் ஆளுக்கும்தான் திட்டம் கிடையாது. மேம்பாட்டு வட்டாரம் இந்த இரண்டாவது வேலைக்கானது.

உங்கள் சங்கம் தீர்மானம் போட்டு எல்லாக் கடைகளிடமும் கட்டாயமாக வசூலிக்க முடியாது; அரசமைப்பின் 265ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது. நகராட்சிக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் வழங்கலாம் என்று 243எக்ஸ் பிரிவு சொல்வதால், வழி அங்கே இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் எழுதப்பட்டால், 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தை அதற்குள் கொண்டுவர வேண்டும் என்பதே என் முதல் கோரிக்கை. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் தெரு வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளுக்கு உரியவை, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. புளூர் வீதியும் நியூயார்க்கும் யோசிக்காத ஒன்று நம்மிடம் ஏற்கெனவே சட்டமாக இருக்கிறது. சொத்தில்லாதவருக்கும் வீதியின் நிர்வாகத்தில் நாற்காலி போட அதைவிடப் பொருத்தமான கதவு வேறில்லை.

கேள்வி: சட்டம் வரும்போது வரட்டும். எங்கள் வீதியில் நாளைக்கே தொடங்க ஏதாவது உண்டா?
– மருந்துக்கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: உண்டு, செலவும் அதிகமில்லை. ஒரு வாரம், காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், உங்கள் வீதியில் நிற்பவர், அமர்பவர், விற்பவர், வாங்குபவர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், முதியவர் எத்தனை பேர் என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்லூரி மாணவர்கள் இருவர் போதும். கூடவே, நகராட்சி நாளொன்றுக்கு எத்தனை முறை பெருக்குகிறது, எத்தனை பணியாளர் வருகிறார்கள், எத்தனை விளக்குகளில் எத்தனை எரிகின்றன, கால்வாய் கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது என்பதையும் எழுதி, அதன் படியை ஆணையர் அலுவலகத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள்.

அந்த முத்திரையிட்ட தாளைச் சங்க அலுவலகத்தில் மாட்டுங்கள். அதற்குக் கீழே ஒரு வெற்றுப் பலகையை வைத்து, கொடுத்தவர் பெயர், கொடுக்காதவர் பெயர் எதுவும் எழுதாமல், இந்த மாதம் நகராட்சி வரவேண்டிய நாளில் வந்ததா இல்லையா என்பதை மட்டும் எழுதத் தொடங்குங்கள்.